வெள்ளைபடுதலும் குளிசைகளும்: எந்த மருந்து, எத்தனை நாள், யாருக்கு?

கிராமத்துப் பெண்களின் கூட்டங்களில் எத்தனையோ விடயங்கள் பேசப்படுகின்றன. சங்கக் கடன், கிணற்று நீர், பிள்ளைகளின் படிப்பு, கணவனின் குடி என எதையும் வெளிப்படையாகச் சொல்லும் பெண்கள், ஒன்றை மட்டும் கூட்டம் கலைந்த பின்னரே மருத்துவமாதுவின் காதோடு சொல்லுவார்கள். "மிஸ், எனக்கு வெள்ளை படுகுது. மணக்குது. கிட்ட இருக்கிறவைக்கும் மணக்குமோ எண்டு பயமாயிருக்கு." இதைச் சொல்வதற்கே சிலருக்கு ஒரு வருடம் எடுக்கிறது. அதற்கிடையில் அயலவர் சொன்ன கைமருந்து, கடையில் கேட்டு வாங்கிய குளிசை, கிருமிநாசினி கலந்த தண்ணீர் என்று எல்லாம் செய்து பார்த்திருப்பார்கள். சில நாட்கள் குறையும். பின்னர் திரும்பவும் வரும்.

இந்தத் தொல்லைக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் எவை, அவை ஒன்றுக்கொன்று எவ்வாறு வேறுபடுகின்றன, குணமான பின்னரும் அது ஏன் திரும்பி வருகிறது என்பவற்றை இக்கட்டுரையில் நாம் பார்ப்போம். 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இதுவரை பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்துவந்த வழக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியுள்ளது. ஆகவே இதனை ஆண்களும் வாசிக்க வேண்டும்.

எல்லா வெள்ளையும் நோயல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வயதுவந்த பெண்ணுக்கு ஓரளவு வெள்ளை படுவது இயற்கை. மாதவிடாய்க்கு இடைப்பட்ட நாட்களிலும் கர்ப்ப காலத்திலும் அது கூடும். கெட்ட மணமோ, கடியோ, எரிவோ இல்லாவிட்டால் பயப்படத் தேவையில்லை. வெள்ளை படுவதால் உடம்பு உருகிப் போகும், எலும்பு கரையும் என்று சொல்வதில் உண்மை இல்லை.

நோயினால் வரும் வெள்ளையில் மூன்று வகைகள் அதிகம் காணப்படுகின்றன. தயிர்க்கட்டி போல வெள்ளையாக, கடுமையான கடியுடன் வருவது பங்கசுத் தொற்று. மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரையாக, எரிவுடன் வருவது பெரும்பாலும் டிரைக்கோமோனாஸ் என்னும் நுண்ணுயிரியினால் ஏற்படுவது. இது உடலுறவினால் தொற்றும். மூன்றாவது, சாம்பல் கலந்த வெண்ணிறத்தில் மெல்லியதாக, மீன் மணத்துடன் வருவது. உடலுறவுக்குப் பின்னர் அந்த மணம் கூடும். கடி அதிகம் இராது. இந்த மூன்றாவதையே வைத்தியர்கள் 'பற்றீரியல் வஜைனோசிஸ்' என்கிறார்கள். நாம் இங்கு இதனைப் 'பற்றீரியாப் பெருக்கம்' என்று குறிப்பிடுவோம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களிடையே மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2019 இல் வெளிவந்த கணக்கின்படி, உலகின் வெவ்வேறு பிரதேசங்களில் நூற்றுக்கு 23 முதல் 29 வரையான பெண்களிடம் இது உள்ளது. அவர்களில் பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. பங்கசுக்குக் கொடுக்கும் மருந்து பற்றீரியாவைத் தொடாது. பற்றீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து பங்கசைக் கூட்டியும் விடலாம். 'வெள்ளைக்கு ஒரு குளிசை தாங்கோ' என்று மருந்துக்கடையில் கேட்பது ஏன் பிழைத்துப்போகிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

உள்ளே நடப்பது என்ன?

சுகமான பெண்ணின் யோனியில் லக்ரோபசிலஸ் என்னும் நல்ல பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அவை லக்ரிக் அமிலத்தை உண்டாக்கி, அவ்விடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அந்தப் புளிப்பில் வேறு கிருமிகள் பெருக முடியாது. ஏதோ காரணத்தால் நல்லவை குறைந்தால் புளிப்பும் குறையும். உடனே ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பலவகைப் பற்றீரியாக்கள் பெருகிவிடும். வயலில் நெற்பயிர் ஐதாகிவிட்டால் களை மூடிக்கொள்வது போன்றதே இது. மீன் மணம் இந்தக் களைக் கூட்டத்தினால் வருவது.

அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் கார்ட்னர், டியூக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1955 இல் இந்நிலையில் காணப்படும் ஒரு பற்றீரியாவை இனங்கண்டனர். கார்ட்னரின் பெயரால் அது இன்று கார்ட்னெரெல்லா என அழைக்கப்படுகிறது. ஆனால் இது ஒரு கிருமியின் வேலை மட்டுமல்ல, பல கிருமிகளின் கூட்டு வேலை என்பது பின்னர் தெரியவந்தது.

இதைக் கண்டுபிடிப்பதற்கு 1983 இல் அம்செல் என்பவரும் அவரது குழுவினரும் நான்கு அடையாளங்களை வகுத்தனர். மெல்லிய, ஒரே சீரான வெள்ளை, பீ.எச். அளவு 4.5 இலும் கூடுதலாக இருத்தல். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டதும் மீன் மணம் எழுதல். நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது பற்றீரியாக்கள் மூடிய கலங்கள் தெரிதல். இந்த நான்கில் மூன்று இருந்தால் இந்நோய் என்று கொள்ளலாம். பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. நுணுக்குக்காட்டியும் பழகிய கண்ணும் உள்ள கிளினிக்கில் சில நிமிடங்களில் செய்யக்கூடிய சோதனை இது.

மெற்றோனிடசோல்: பல் வைத்தியர் கண்ட பயன்

இந்நோய்க்கு முதலிடத்தில் இருக்கும் மருந்து மெற்றோனிடசோல். வயிற்றோட்டத்துக்கு இக்குளிசையைப் பாவித்தவர்கள் பலர் இருப்பார்கள். 1959 இல் இது டிரைக்கோமோனாஸ் நோய்க்கு மருந்தாக அறிவிக்கப்பட்டது. 1962 இல் டேவிட் ஷின் என்ற பல் வைத்தியர், டிரைக்கோமோனாஸ் நோய்க்காக இதனை உட்கொண்ட ஒரு பெண்ணின் முரசுப் புண்ணும் சேர்ந்து மாறியதை எழுதினார். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்களையும் இது கொல்லும் என்பதற்கு அது முக்கியமான தடயமாயிற்று.

1978 இல் அமெரிக்காவின் சியாற்றில் நகர ஆய்வாளர்கள், அன்று வழக்கிலிருந்த சல்பா கிறீம், டொக்சிசைக்கிளின், எம்பிசிலின் ஆகியவற்றுடன் மெற்றோனிடசோலை ஒப்பிட்டனர். மற்றவை பலருக்குப் பலனளிக்கவில்லை. மெற்றோனிடசோல் ஏறத்தாழ எல்லோரையும் அப்போதைக்குக் குணப்படுத்தியது. வலிமையான மருந்து என்று பெயர் பெற்ற எதுவும் எல்லா நோய்க்கும் உதவும் என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் வேறு நுண்ணுயிர்க்கொல்லிக் குளிசைகளை வெள்ளைக்கு விழுங்குவதால் பயன் இல்லை.

இந்த மருந்தின் சிறப்பு அது வேலை செய்யும் விதத்தில் உள்ளது. ஒட்சிசன் இன்றி வாழும் கிருமியின் உள்ளே சென்ற பின்னரே இது நஞ்சாக மாறி, அக்கிருமியின் மரபுப் பொருளைச் சிதைக்கிறது. லக்ரோபசிலஸினுள் அவ்வாறு மாறுவது மிகக் குறைவு. ஆகவே களை சாக, பயிர் பெரும்பாலும் தப்புகிறது.

வழமையான அளவு 400 அல்லது 500 மில்லிகிராம் குளிசை, நாளுக்கு இருமுறை, 7 நாட்களுக்கு. சில நாடுகளில் 5 நாட்களும் கொடுக்கப்படுகிறது. ஒரே தடவையில் 2 கிராம் விழுங்கும் முறையும் உண்டு. மறதி உள்ளவர்களுக்கு அது வசதிதான். ஆனால் 7 நாள் முறையைப் போல அது நோயை மாற்றுவதில்லை என்பதால், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனது சிபாரிசிலிருந்து அதனை நீக்கிவிட்டது. வாயால் விழுங்காமல் உள்ளே வைக்கும் 0.75 வீத ஜெல்லும் உண்டு. அது நாளுக்கு ஒருமுறை 5 நாட்கள்.

குளிசையினால் குமட்டல், வாயில் உலோகச் சுவை, தலையிடி என்பன வரலாம். உணவுடன் எடுத்தால் குமட்டல் குறையும். ஜெல்லில் இவை குறைவு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் பாவிப்பவர்கள் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மெற்றோனிடசோல் அதன் வேகத்தைக் கூட்டிவிடும்.

கிளிண்டாமைசின்: சமமான பலன், வேறு விலை

இரண்டாவது மருந்து கிளிண்டாமைசின். 2 வீத கிறீமாக, இரவு படுக்கும்போது 7 நாட்கள் உள்ளே வைக்கலாம். 300 மில்லிகிராம் குளிசையாக நாளுக்கு இருமுறை 7 நாட்களும் எடுக்கலாம். பற்றீரியா தனக்கு வேண்டிய புரதத்தை ஆக்குவதை இது தடுக்கிறது.

குணமாக்குவதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். எந்த முறையில் எடுத்தாலும், முறைப்படி முடித்த 100 பெண்களில் 70 முதல் 80 பேர் வரை நான்கு வாரங்களில் சுகமாயிருப்பார்கள். அப்படியானால் எதைத் தெரிவது? இங்குதான் வேறு கணக்குகள் வருகின்றன.

முதலாவது, கிளிண்டாமைசின் நல்ல பற்றீரியாக்களையும் தாக்கும். இரண்டாவது, எதிர்ப்புச் சக்தி. 2004 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரு மருந்துகளையும் உள்ளே வைத்துப் பாவித்த பெண்களிடமிருந்து ஒட்சிசன் இன்றி வாழும் பற்றீரியாக்கள் எடுத்துச் சோதிக்கப்பட்டன. கிளிண்டாமைசினுக்கு அடங்காதவை சிகிச்சைக்கு முன் 17 வீதம். அதனைப் பாவித்த பின் 53 வீதம். மெற்றோனிடசோலுக்கு அடங்காதவை ஒரு வீதத்திலும் குறைவு. இம்முறை குணமானாலும், அடுத்த முறை அந்த மருந்து கைகொடுக்குமா என்ற கேள்வி எழுகிறது. மூன்றாவது, கிளிண்டாமைசின் கிறீம் எண்ணெய்த் தன்மையானது. அது இறப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும். பாவிக்கும் நாட்களிலும் அதன் பின் ஐந்து நாட்கள் வரையிலும் ஆணுறையை நம்ப முடியாது. குடும்பத் திட்டத்துக்கு ஆணுறையையே நம்பியிருப்பவர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் மெற்றோனிடசோல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், குமட்டலைத் தாங்க முடியாதவர்களுக்கும் கிளிண்டாமைசின் நல்ல மாற்று.

மெற்றோனிடசோலின் குடும்பத்தைச் சேர்ந்த வேறு இரு மருந்துகளும் உண்டு. ரினிடசோல் உடம்பில் கூடிய நேரம் தங்குவதால், நாளுக்கு ஒரு தடவை 2 கிராம் வீதம் 2 நாட்கள், அல்லது 1 கிராம் வீதம் 5 நாட்கள் போதும். செக்னிடசோல் இன்னும் நீண்ட நேரம் தங்குவது. 2 கிராம் ஒரே தடவையில் எடுக்கும் இம்மருந்துக்கு இந்நோய்க்காக அமெரிக்கா 2017 இல் அனுமதி வழங்கியது.

ஏன் திரும்ப வருகிறது?

பெண்களை உண்மையில் வருத்துவது முதல் முறை வருவதல்ல, திரும்பத் திரும்ப வருவதே. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் செய்யப்பட்டு 2006 இல் வெளியான ஆய்வில், மெற்றோனிடசோலை 7 நாட்கள் எடுத்த பெண்களில் 58 வீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் மீண்டும் வந்தது. குளிசையை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று பெண்ணையே குறை கூறுவது எவ்வளவு அநியாயம் என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும்.

காரணங்கள் சிலவற்றை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். 2005 இல் பேர்லின் நகர ஆய்வாளர்கள், கார்ட்னெரெல்லாவும் அதன் கூட்டாளிகளும் யோனிச் சுவரில் பாசி போல அடர்ந்த படையாக ஒட்டியிருப்பதைக் காட்டினர். மருந்து அப்படையின் மேற்பகுதியை அடக்கும். அடியில் எஞ்சியிருப்பவை பின்னர் பெருகும். நல்ல பற்றீரியாக்கள் திரும்பக் குடியேறாமல் விடுவது இன்னொரு காரணம்.

இதற்காகச் சில வழிகள் பரீட்சிக்கப்பட்டன. முதலில் குணப்படுத்திய பின், மெற்றோனிடசோல் ஜெல்லை வாரத்துக்கு இருமுறை 16 வாரங்கள் வைப்பது ஒன்று. பாவிக்கும் காலத்தில் நோய் திரும்புவது நன்கு குறைகிறது. நிறுத்திய பின் பலருக்குத் திரும்புகிறது. நல்ல பற்றீரியாவையே மருந்தாக உள்ளே வைப்பது மற்றொன்று. 2020 இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மெற்றோனிடசோல் ஜெல்லுக்குப் பின் அவ்வாறு செய்தபோது 12 வாரங்களுக்குள் 30 வீதமானோருக்கே நோய் திரும்பியது. வெறும் பொடி வைத்தவர்களில் அது 45 வீதம். இதைக் கேட்டுவிட்டுக் கடை யோகட்டை உள்ளே பூசக் கூடாது. யோகட்டில் இருப்பவை வேறு இனப் பற்றீரியாக்கள்.

மற்றப் பாதி

இப்போது 2025 ஆய்வுக்கு வருவோம். இந்நோய் உடலுறவோடு தொடர்புடையது என்பது முன்னரே தெரியும். ஆனாலும் கணவனுக்குக் குளிசை கொடுத்துப் பார்த்த முன்னைய ஆய்வுகளில் மனைவிக்குப் பலன் கிடைக்கவில்லை. எனவே 'பெண்ணுக்கு மட்டும் மருந்து போதும்' என்பது வழக்கமாயிற்று. மெல்பேர்ண் ஆய்வாளர்கள் வேறு விதமாக யோசித்தனர். ஆணிடம் இந்தக் கிருமிகள் சிறுநீர்க் குழாயினுள் மட்டுமன்றி ஆணுறுப்பின் தோலிலும், சிறப்பாக முன்தோலின் அடியிலும் வாழ்கின்றன. அங்கு குளிசை மட்டும் போதாது.

ஆகவே அவர்கள் ஒரே துணையுடன் வாழ்ந்த 164 தம்பதியரைச் சேர்த்தனர். எல்லாப் பெண்களுக்கும் வழமையான சிகிச்சை கிடைத்தது. ஒரு பிரிவில் ஆண்களுக்கும், மெற்றோனிடசோல் 400 மில்லிகிராம் குளிசையும், தோலில் பூசுவதற்கு 2 வீத கிளிண்டாமைசின் கிறீமும், நாளுக்கு இருமுறை 7 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டன. 12 வாரங்களில் கணக்கெடுத்தபோது, ஆணும் மருந்தெடுத்த பிரிவில் 69 பெண்களில் 24 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. அது 35 வீதம். பெண் மட்டும் மருந்தெடுத்த பிரிவில் 68 பேரில் 43 பேருக்கு. அது 63 வீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்தபடியால், பெண்களுக்கு மட்டும் மருந்து கொடுப்பதைத் தொடர்வது சரியல்ல என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினர்.

இதன் கருத்து பெரிது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப விழுங்கிய பெண்ணின் உடம்பில் குறை இருக்கவில்லை. அவளுக்கு அது துணையிடமிருந்து மீண்டும் வந்துகொண்டிருந்திருக்கலாம். அதே வேளை, இதை வைத்துக் கணவன் மனைவி மீதோ, மனைவி கணவன் மீதோ சந்தேகம் கொள்ளக் கூடாது. ஆய்வில் சேர்ந்தவர்கள் ஒருவருக்கு ஒருவர் என்று வாழ்ந்தவர்களே. ஆணிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இராது. நோய் இருப்பது யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றல்ல.

நடைமுறையில் ஒரு தடை வரும் என்பதை நாம் அறிவோம். 'எனக்கு ஒண்டுமில்லை, நான் ஏன் குடிக்க வேணும்?' என்பார் கணவர். மெற்றோனிடசோல் எடுக்கும்போது மது கூடாது என்ற ஆலோசனை வேறு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 இல் அத்தடை தேவையில்லை என்று கூறியது. ஆயினும் பல வைத்தியர்கள் இன்னும் தவிர்க்கும்படியே சொல்கிறார்கள். ஒரு வாரம் குடியை நிறுத்துவது மனைவியின் சுகத்துக்குக் கொடுக்கக்கூடாத விலையா என்பதைக் கணவர்களே சொல்லட்டும். ஆனால் கணவனிடம் சொன்னால் அடி விழும் என்று அஞ்சும் பெண்ணை, 'அவரையும் கூட்டிக்கொண்டு வா' என்று வற்புறுத்தக் கூடாது. அதனை அவளே வைத்தியருடன் பேசி முடிவு செய்யட்டும்.

கர்ப்பிணித் தாய்மார்

இந்நோய் உள்ள கர்ப்பிணிகளுக்குக் குறைமாதப் பிரசவம் கூடுதலாக நடப்பது காணப்பட்டுள்ளது. அறிகுறி உள்ள கர்ப்பிணிக்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். மெற்றோனிடசோலை வைத்தியரின் ஆலோசனைப்படி கொடுக்கலாம். ஆனால் அறிகுறி இல்லாதவர்களையும் தேடிச் சோதித்து மருந்து கொடுத்ததால் குறைமாதப் பிரசவம் குறையவில்லை என்பதை 2000 இல் அமெரிக்காவிலும் 2018 இல் பிரான்சிலும் வெளியான பெரிய ஆய்வுகள் காட்டின. அறிகுறி இல்லாத பெண்ணுக்குப் பொதுவாக மருந்து தேவையில்லை. இந்நோய் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. போன்றவை இலகுவில் தொற்றலாம் என்பதையும் மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

1. மணமுள்ள வெள்ளை, கடி, எரிவு, அடிவயிற்று நோ, மாதவிடாய்க்குப் புறம்பான இரத்தம் என்பவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அடிவயிற்று நோவுடன் காய்ச்சலும் இருந்தால் அன்றே செல்லுங்கள். அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்குகளில் சோதனையும் மருந்தும் இலவசம். விடயம் இரகசியமாக வைக்கப்படும்.

2. வெட்கமாயின் முதலில் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். அவர் வழிகாட்டுவார்.

3. மணம் இரண்டாம் நாளே போய்விடலாம். அதற்காகக் குளிசையை நிறுத்த வேண்டாம். சொன்ன நாட்கள் முழுவதும் எடுங்கள்.

4. உள்ளே சவர்க்காரம், கிருமிநாசினி, எலுமிச்சம்புளி எதுவும் விட்டுக் கழுவ வேண்டாம். அது நல்ல பற்றீரியாக்களையும் அழிக்கும். வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

5. ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். அவருடைய வெள்ளை வேறு வகையாக இருக்கலாம்.

6. திரும்ப வந்தால், முன்னர் எடுத்த குளிசையின் பெயரையும் எத்தனை நாள் எடுத்தீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு செல்லுங்கள். 'என்ர கணவருக்கும் மருந்து தேவையா?' என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.

மாதர் சங்கங்கள் ஒரு மாதக் கூட்டத்தை இதற்கென ஒதுக்கி, மருத்துவமாதுவை அழைத்துப் பேசவைப்பது நல்லது. ஆண்களின் சங்கங்களும் அவ்வாறு செய்தால் இன்னும் நல்லது. ஒரு கிழமை மருந்தை இருவர் சேர்ந்து எடுப்பதால் ஒரு பெண்ணின் பல வருடத் துன்பம் தீருமானால், அதனைப் பேசாமல் விடுவதற்கு நமக்கு நியாயம் இல்லை.